'சரி, நீ யாரய்யா?' என்று கேட்கும் கோரஸ்

வணக்கம் நேயர்களே. தேசபக்திப் பாட்டு என்றாலே எனக்குக் கொஞ்சம் அலுப்புதான். கொடி, மலை, நதி, வீரம் என்று வரிசையாக வரும், கேட்கிறவருக்கு எழுந்து நிற்பதைத் தவிர வேறு வேலை இருக்காது. இன்று சொல்லப்போவது வேறு ஜாதி. வானொலியால் பேர் வாங்கியது. 'பேலட் ஃபார் அமெரிக்கன்ஸ்', அதாவது அமெரிக்கர்களுக்கான ஒரு கதைப்பாட்டு.

இசை ஏர்ல் ராபின்சன், வரிகள் ஜான் லாட்டூஷ். வேலையில்லாத நாடகக் கலைஞர்களுக்காக அமெரிக்க அரசு நடத்திய திட்டத்தில் ஒரு மேடை நிகழ்ச்சிக்காக எழுதினார்கள். 1939 ஜூனில் அந்நாட்டு நாடாளுமன்றம் திட்டத்தையே இழுத்து மூடியது, நிகழ்ச்சியும் அதோடு போச்சு. பாட்டு பிழைத்துக்கொண்டது. நவம்பர் 5 அன்று சி.பி.எஸ். வானொலியில் கறுப்பினப் பாடகர் பால் ராப்சன் அதைப் பாடினார், ஒலிபரப்பு முடிந்த பிறகும் அரங்கில் கைதட்டல் ஓயவில்லை.

அப்படி என்ன இருக்கிறது அதில்? ஒருத்தர், அமெரிக்கா சுதந்திரம் அறிவித்த 1776-லிருந்து நாட்டின் கதையைப் பாடிக்கொண்டே போகிறார், கூட இருக்கும் கோரஸ் பின்பாட்டு பாடாமல் குறுக்கே குறுக்கே புகுந்து சந்தேகம் கேட்கிறது. அதெல்லாம் சரி, நீ யாரய்யா? அவர் உடனே சொல்வதில்லை, மழுப்புகிறார். அப்புறம் தச்சர், ஆசிரியர், தெருக்கூட்டுகிறவர் எல்லாம் நானே என்கிறார், ஐரிஷ், கறுப்பர், யூதர், சீனர் என்று அடுக்குகிறார், மத வரிசையில் நாத்திகருக்கும் ஓர் இடம் உண்டு. இந்த இடம் கொஞ்சம் வருகைப் பதிவேடு வாசிப்பது மாதிரிதான் இருக்கும், இசையாகவும் பெரிய அதிசயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கடைசியில், கறுப்பர்களைக் கும்பல் அடித்துக் கொன்றதையும் தேசபக்தி வாய்ச்சவடாலையும் பேர் சொல்லிக் குறிப்பிட்டு, அதற்குள்ளிருந்துதான் நாடு எழுந்து வரும் என்று பாடுகிறார் பாருங்கள், அதற்குப் பிறகுதான் தன் பேர் அமெரிக்கா என்கிறார். பாடுகிற ராப்சனின் அப்பா அடிமையாகப் பிறந்து தப்பி ஓடிவந்தவர்.

வேடிக்கை என்னவென்றால், 1940-ல் குடியரசுக் கட்சி மாநாட்டிலும் இதே பாட்டு, கம்யூனிஸ்ட் கட்சி மாநாட்டிலும் இதே பாட்டு. அதே வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் 'ஹாலிவுட் பௌல்' என்ற திறந்தவெளி அரங்கில் பெருங்கூட்டத்துக்கு நடுவே இதைப் பாடிய ராப்சனுக்கு, அங்கே நல்ல ஓட்டல்கள் அறை தர மறுத்தன. அவருடைய இடதுசாரிக் கருத்துகளுக்காக 1950-ல் அவர் பாஸ்போர்ட்டை அரசு ரத்து செய்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 1958-ல்தான் திரும்பக் கிடைத்தது. இசையமைத்த ராபின்சனுக்கும் ஹாலிவுட்டில் வேலை கிடைக்காமல் போனது.

பத்து நிமிஷப் பாட்டுதான், நேயர்களே. பிங் கிராஸ்பி பாடியதும் உண்டு, ஒடெட்டா பாடியதும் உண்டு. ராப்சன் 1940-ல் பதிவு செய்ததை முதலில் கேளுங்கள், அவர் குரலைவிட கோரஸ் எங்கெங்கே குறுக்கிடுகிறது என்று கவனியுங்கள். வணக்கம்.