மழைக்கணக்கின் ஓரத்து வரிகள்

(கொடைக்கானலில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

கீழ்மலைக் காப்பித் தோட்டங்களில் 'ரைட்டர்' என்றால் கதை எழுதுபவர் என்று யாரும் நினைப்பதில்லை. ஆள்கணக்கும் சம்பளக் கணக்கும் மழைக்கணக்கும் எழுதுபவரே அங்கே ரைட்டர். தாண்டிக்குடிப் பக்கத்துத் தோட்டமொன்றில் என் தந்தையார் அந்த வேலையை நெடுங்காலம் பார்த்தார். காலையில் மழைமானியில் தேங்கிய நீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து, இத்தனை இஞ்சு, இத்தனை சென்டு (இஞ்சில் நூறில் ஒரு பங்கு) என்று பேரேட்டில் பதிவார். அத்துடன் அவர் வேலை முடிந்துவிடும். ஆனால் ஏனோ, பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரியும் சேர்த்து எழுதிவைப்பது அவர் வழக்கம். "மழை இல்லை. ஆட்கள் எல்லோரும் குடையோடு வந்தார்கள்." இன்னொரு நாள்: "கிணற்றடியில் காட்டுமாடு நின்றது. தண்ணீர் வரத் தாமதம்."

அவர் காலமான பின் தோட்டத்தில் கழித்துப்போட்ட பழைய பேரேடுகள் சில என் கைக்கு வந்தன. நான் எழுதிய கதைகளில் எனக்கே ஓரளவு நிறைவளிக்கும் கதை, பெய்யாத மழைக்குக் குடையோடு வந்த அந்த ஆட்களிடமிருந்து பிறந்தது. நான் பத்து ஆண்டுகள் முயன்றாலும் அப்படியொரு தொடக்கத்தைக் கற்பனையால் உண்டாக்கியிருக்க முடியாது. பார்த்த ஒருவர் அதைப் பார்த்த அன்றே எழுதிவைத்ததால் மட்டுமே அது எனக்குக் கிடைத்தது.

படைப்பாற்றல் வளர வேண்டுமானால் தினமும் நாட்குறிப்பு எழுதுங்கள் என்று சொன்னால், மனத்தில் இருப்பதையெல்லாம் கொட்டித் தீர்ப்பது என்றே பலர் பொருள்கொள்கிறார்கள். அதற்கும் ஒரு பயன் உண்டு, மனப்பாரம் குறையும். ஆனால் நம் வருத்தங்கள் பெரும்பாலும் ஒரே சொற்களில்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. என் பழைய நோட்டுகளே அதற்குச் சாட்சி. அன்று கண்ணில் பட்ட ஒன்றை, அதன் பெயரோடும் நிறத்தோடும் நேரத்தோடும் எழுத உட்காரும்போதுதான், சரியாகப் பார்க்கவில்லையே என்பது உறைக்கிறது. மறுநாள் கண் கொஞ்சம் கூர்மையாகிறது. இந்தப் பழக்கத்தையே படைப்பின் பயிற்சி என்று நான் கருதுகிறேன்.

நம் ஊரிலேயே இதற்குப் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. 1899இல் இந்த மலையில் நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடம் நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனை நாள்தோறும் படமெடுத்து வந்திருக்கிறது. சூரியனுக்கு யாராவது நாட்குறிப்பு எழுதியிருக்கிறார்கள் என்றால் அது இங்கேதான். கண்ணாடித் தகட்டில் பதிந்த ஒரு நாள் படத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால் ஒரு வட்டமும் சில புள்ளிகளும்தான், வியக்க ஒன்றுமில்லை. ஆனால் சூரியப் புள்ளிகள் ஏறத்தாழப் பதினோரு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகித் தணிவதை ஒரு நாள் படம் காட்டாது, வரிசை காட்டும். 1909 ஜனவரியில் வானியலாளர் ஜான் எவர்ஷெட் இங்கே, சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி ஓடுவதைக் கண்டறிந்தார். இன்றும் அது அவர் பெயரால் எவர்ஷெட் விளைவு என்று அழைக்கப்படுகிறது. மேகம் மூடிய நாள்களில் படம் கிடையாது. நம் ஊர் மேகத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்காக யாரும் அந்த வரிசையைக் கைவிட்டுவிடவில்லை.

தமிழில் இதற்கு இணையாக நான் நினைப்பது புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையை. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த அவர், 1736 முதல் ஏறத்தாழ 25 ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, பீரங்கி போட்டார்கள், இன்னார் இன்னாரிடம் இன்னது சொன்னார் என்று, ஊர் பேசிய தமிழிலேயே எழுதிக்கொண்டு போனார். இலக்கியம் படைக்கிறோம் என்ற நினைப்பு அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அந்த நினைப்பு இல்லாததே எழுத்துக்கு நன்மையாயிற்று என்பது என் கருத்து. இரு நூற்றாண்டுகளுக்குப் பின் பிரபஞ்சன் அதிலிருந்து 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்னும் இரு நாவல்களை உருவாக்கினார். இரண்டாவது நாவல் 1995ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. ஒரு வணிகரின் அன்றாடக் குறிப்பு, தாம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்த தெருவில் நடந்து செல்லும் வழியை ஒரு நாவலாசிரியருக்குத் திறந்துவிட்டது.

எழுத ஒன்றுமே இல்லாத நாளில் என்ன செய்வது என்று போன கூட்டத்தில் ஒரு தங்கை கேட்டார். ஒன்றுமில்லை என்று எழுதுங்கள், தேதி போட்டு எழுதுங்கள். எழுத்தாளர் காஃப்காவின் நாட்குறிப்புகளில் இன்று எதுவும் எழுதவில்லை என்னும் வகைக் குறிப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அதே நோட்டுகளில் ஒன்றில்தான், 1912 செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து, மறுநாள் காலை ஆறு மணிக்குள் ஒரு முழுக் கதையை ஒரே மூச்சில் எழுதி முடித்தார். காப்பி பயிரிடுவோருக்கு இது புதிதாகத் தோன்றாது. மொட்டு வறண்ட மாதங்களில் அசையாமல் உறங்கிக் கிடக்கும். மொட்டை மலரவைக்கும் பூமழை ஒன்று விழுந்து சில நாள்களில் தோட்டம் முழுவதும் ஒரேயடியாக வெளுத்துவிடும். மொட்டே கட்டாத செடியில் அந்த மழை பெய்து ஒன்றும் ஆகாது.

வழிமுறை பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். சாதாரணக் கோடு போட்ட நோட்டு போதும். தோல் அட்டை போட்ட விலையுயர்ந்த டைரி வாங்கினால் அதில் நல்ல வரியை மட்டுமே எழுத வேண்டும் என்ற பயம் வந்துவிடும், பிறகு அது அலமாரியில் இருக்கும். யாருக்கும் காட்டாதீர்கள். நான் எனக்கு விதித்துக்கொண்ட ஒரே கட்டுப்பாடு, 'அழகான' என்ற சொல்லை எழுதக் கூடாது என்பது. இந்த மலையில் வாழ்பவருக்கு அது கடினமான விரதம். 'அழகான பனிமூட்டம்' என்று எழுதத் தடை வந்த பிறகுதான், பனிமூட்டம் பூம்பாறைப் பக்கம் படிப்படியாக அமைந்த பூண்டு வயல்களின் மீது இறங்கும்போது முதலில் கீழ்ப்படிகள் மறைகின்றனவா, மேற்படிகளா என்று நின்று பார்க்கத் தொடங்கினேன். ஒவ்வொரு நாளும் ஒரேமாதிரி இல்லை என்பது வரை சொல்லலாம்.

நானும் தவறியிருக்கிறேன். 2018இல் குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பூ. அதைப் பார்க்கவென்றே ஒரு முழுப் பகலை ஒதுக்கிச் சென்றேன். அன்றைய பக்கத்தைச் சென்ற மாதம் எடுத்துப் பார்த்தேன். "கூட்டம் அதிகம். வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை." அவ்வளவுதான் இருக்கிறது. பூவின் நிறம் நீலமா, ஊதாவா, தேனீக்கள் வந்தனவா, ஒன்றும் இல்லை. நினைவிலும் எதுவும் தங்கவில்லை, கைப்பேசிப் படங்களில் இருப்பவை என் நினைவுகளும் அல்ல. அடுத்த பூப்பு 2030இல். அதுவரை அந்தச் சரிவுக்கு மாதம் ஒருமுறை போய், பூவில்லாமல் நிற்கும் அதே புதர்களைப் பார்த்து எழுதிவருகிறேன். இதுவரை பதினேழு பக்கம் வந்திருக்கிறது.