மகரந்தம் பறக்கும் முன்னே

நேயர்களுக்கு வணக்கம். பனங்கொட்டை போட்டு வளர்த்தவர்களுக்கு ஒரு கவலை தெரியும். வளர்வது ஆண்பனையா பெண்பனையா என்பது பாளை விடும்வரை புரியாது. அதற்கு 12, 15 ஆண்டுகள்கூட ஆகலாம். கஞ்சாச் செடியிலும் ஆண் வேறு, பெண் வேறு. நான் பேசப்போவது போதைக் கஞ்சாவைப் பற்றியல்ல. அதே இனத்தில், நாருக்கும் விதைக்குமாக ஐரோப்பாவில் பயிராகும் ஹெம்ப் பற்றி. நம் ஊர்ச் சணல் வேறு பயிர், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆண் பூவில் ஐந்து மகரந்தப் பைகள் தொங்கும். காற்றடித்தால் மகரந்தம் பறந்துவிடும். பெண் பூவுக்கு இதழே கிடையாது. ஒரே ஒரு சூல், அதைப் பொதிந்த சிறு செதில், வெளியே நீட்டிய இரண்டு மெல்லிய இழைகள், அவ்வளவுதான். ஆண் செடி முந்திப் பூத்து, மகரந்தம் உதிர்த்ததும் காய்ந்துபோகும்.

ரகம் உருவாக்குபவர்களுக்குச் சிக்கலே இங்கேதான். நார் இருப்பது தண்டின் பட்டையில். எவ்வளவு நார் என்று பார்க்கத் தண்டை வெட்ட வேண்டும். வெட்டிப் பார்ப்பதற்குள், நார் குறைந்த ஆண் செடியும் வயல் முழுக்க மகரந்தத்தைத் தூவியிருக்கும். பெண்ணை மட்டும் தேர்ந்தெடுத்து என்ன பயன்?

ஜெர்மனியில் பிரெடெமான் என்ற அறிஞர் இதற்கு ஒரு வழி கண்டார். பூ விரிவதற்கு முன்பே ஆண் செடியின் தண்டை நெடுக்காகப் பிளந்தார். ஒரு பாதியை எடுத்து நாரை அளந்தார். மறு பாதி வேரோடு உயிரோடு நின்றது. நார் மிகுந்தவற்றை மட்டும் பூக்கவிட்டு, மற்ற ஆண்களை நீக்கினார். ஆண்டுக்கணக்கில் இப்படியே செய்ததில் தண்டிலுள்ள நாரின் பங்கு இரு மடங்கைத் தாண்டியது. எத்தனை பொறுமை வேண்டும் பாருங்கள்! பயிர் ஆராய்ச்சியில் எனக்கு மிகப் பிடித்த வேலை இது.

ஆனால் இந்தச் செடி ஆண், பெண் என்ற வரம்புக்குள் முழுசாக அடங்குவதில்லை. 1694-இல் ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் கமெராரியுஸ் என்ற தாவரவியலாளர், செடிகளிலும் ஆண், பெண் என்ற பால் வேறுபாடு உண்டு என்று நிறுவியபோது, ஹெம்ப்தான் அவரைத் தவிக்கவிட்டது. தனியே பிரித்து வளர்த்த பெண் செடியிலும் விதை பிடித்தது. பெண் செடியில் சில வேளை ஓரிரு ஆண் பூக்கள் வருவதுண்டு என்பது இன்று நமக்குத் தெரியும்.

அந்த இயல்பையே பின்னால் வந்தவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். ஒரே செடியில் இரண்டு பூவும் வரும் ரகங்கள் ஜெர்மனியில் உருவாயின, அப்புறம் பிரான்சில் பரவின. எல்லாச் செடியும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முற்றுவதால் இயந்திர அறுவடைக்கு வசதி. ஆனால் கவனிக்காமல் விட்டால் சில தலைமுறைகளிலேயே ஆண் செடிகள் மறுபடி பெருகிவிடும். அதனால்தான் விதைப் பயிர் வயல்களில் இன்றும் ஆட்கள் வரிசை வரிசையாக நடந்து, மொட்டு விரியும் முன்னே ஆண் செடிகளைத் தேடிப் பிடுங்குகிறார்கள்.