பிரசங்க மேடையில் நீட்டிய விரல்

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் திருச்சபைகள் எச்.ஐ.வி.யை எதிர்கொண்ட கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். முகம் திருப்பிக்கொண்டு நின்ற ஆண்டுகளும் அந்தக் கதையில் உண்டு. அவற்றையும் மறைக்காமல் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தார் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேர்தான். ஆனால் அந்த நாட்டில் ஆண்டுதோறும் புதிதாக எச்.ஐ.வி. கண்டறியப்படுகிறவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் அவர்கள். இந்தக் கணக்கைக் கேட்டதும் ஒழுக்கத்தைக் குறை சொல்லக் கிளம்புகிறவர்கள் அங்கேயும் உண்டு. ஆய்வுகள் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை. ஆண்களோடு உறவு கொள்ளும் கறுப்பின ஆண்கள், அதே நிலையில் உள்ள வெள்ளை ஆண்களைவிட அதிக ஆபத்தான பழக்கம் உடையவர்கள் இல்லை என்றே திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. மருத்துவக் காப்பீடு இல்லை. பக்கத்தில் நல்ல மருத்துவமனை இல்லை. நோய் தாமதமாகவே தெரிகிறது, சிகிச்சை அதைவிடத் தாமதமாகிறது. அதற்குள் அந்தச் சிறிய வட்டத்துக்குள்ளேயே கிருமி சுற்றிவிடுகிறது. பாதிப்பின் வேர் அங்கே இருக்கிறது.

ஆகவே பரிசோதனைதான் முதல் படி. அதை எல்லோரும் சொன்னார்கள். துண்டுப் பிரசுரம் அச்சடித்தார்கள், வானொலியில் பேசினார்கள், வீதியில் வண்டி நிறுத்தினார்கள். செய்திக்குப் பஞ்சமே இல்லை. சொல்கிற வாயை நம்பலாமா என்பதுதான் கேள்வியாக இருந்தது. அந்த நம்பிக்கை யார் கையில் இருந்ததோ, அந்தச் சபையின் கையில்தான் வெட்கமும் இருந்தது. என் பேச்சு முழுவதும் இந்த முடிச்சைப் பற்றித்தான்.

அரசின்மேல் நம்பிக்கை ஏன் போயிற்று? அலபாமா மாநிலத்தின் மேக்கன் கவுண்டி. ஆண்டு 1932. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை சுமார் 600 கறுப்பின ஆண்களைச் சேர்த்தது. அவர்களில் 399 பேருக்குச் சிபிலிஸ் எனும் மேகநோய். உங்களுக்குக் ‘கெட்ட இரத்தம்’, வைத்தியம் பார்க்கிறோம் என்று சொன்னார்களே தவிர, நோயின் பெயரைச் சொல்லவில்லை. மருந்தும் தரவில்லை. சிகிச்சை இல்லாவிட்டால் அந்த நோய் உடலை எப்படித் தின்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்ததைக்கூடச் சிறப்புச் சிகிச்சை என்றார்கள். 1947 வாக்கில் பெனிசிலின் வழக்கமான மருந்தாகிவிட்டது. அதையும் அவர்களுக்கு எட்டவிடவில்லை. 1972-இல் செய்தித்தாள்களில் அம்பலமான பிறகுதான் நின்றது. நாற்பது ஆண்டுகள்! குடியரசுத் தலைவர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டது 1997-இல். அப்போது உயிரோடு இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

இன்னொன்று. அந்த ஆண்களைத் திரட்டுவதற்குக் கூட்டம் போட்ட இடங்களில் ஊர்ப் பள்ளிகளோடு தேவாலயங்களும் இருந்தன. போதகரின் வார்த்தையை மக்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை அரசு பயன்படுத்திக்கொண்டது. இப்படிப்பட்ட ஊருக்கு 1980-களில் அதே அரசு வந்து, “இரத்தம் கொடுங்கள், ஒரு புதிய நோய் இருக்கிறதா பார்க்கிறோம்” என்றால் யார் கை நீட்டுவார்கள்? எய்ட்ஸே அரசாங்கம் உண்டாக்கிய நோய் என்ற பேச்சு கறுப்பின மக்களிடையே பரவியபோது, படித்தவர்கள் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அந்தப் பேச்சு தவறு. ஆனால் அது பிறந்த வீடு மேக்கன் கவுண்டியில் இருக்கிறது.

திருச்சபை என்ன செய்தது? அதைச் சொல்ல இன்னும் பின்னால் போக வேண்டும். 1793-இல் பிலடெல்பியா நகரில் மஞ்சள் காய்ச்சல். வசதி உள்ளவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். கறுப்பினத்தாருக்கு அந்தக் காய்ச்சல் வராது என்று தவறாக நம்பிய மருத்துவர் பெஞ்சமின் ரஷ், அவர்களை உதவிக்கு அழைத்தார். கறுப்பினத் தலைவர்களான ரிச்சர்ட் ஆலனும் அப்சலோம் ஜோன்ஸும் தம் மக்களைத் திரட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள், பிணங்களை எடுத்துப் புதைத்தார்கள். அவர்களுக்கும் காய்ச்சல் வந்தது, நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அதன் பிறகும், கொள்ளை விலைக்குக் கூலி கேட்டார்கள் என்று அவர்கள்மேல் பழி வந்தது. இருவரும் 1794-இல் பிரசுரம் எழுதி ஆதாரத்தோடு மறுத்தார்கள். இந்த ரிச்சர்ட் ஆலன்தான் 1816-இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் திருச்சபையை நிறுவி அதன் முதல் பிஷப் ஆனவர். கொள்ளைநோய்க்காரரின் படுக்கையருகே உட்காருவதில் தொடங்கிய மரபு அது.

அந்த மரபைச் சொல்லிக்கொண்ட சபைகளில் பலவும் எய்ட்ஸ் வந்தபோது வாய் மூடிக்கொண்டன. இதை மென்று விழுங்க எனக்கு மனமில்லை. பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்த இளைஞன் மெலிந்தான், வராமல் போனான், செத்தான். “புற்றுநோய்” என்றார்கள், “நிமோனியா” என்றார்கள். பெயரைச் சொன்ன இடங்களில் தேவ தண்டனை என்று பிரசங்கம் நடந்தது. சில போதகர்கள் அடக்க ஆராதனை நடத்தவே மறுத்தார்கள்.

அந்த மறுப்பிலிருந்து ஒரு வேலை பிறந்தது. மிசௌரி மாநிலத்தின் கேன்சஸ் சிட்டியில் கால்வரி டெம்பிள் பாப்டிஸ்ட் சபையின் போதகர் எரிக் வில்லியம்ஸ். எய்ட்ஸால் இறந்த ஓர் இளைஞனை அவனுடைய சொந்தச் சபை அடக்கம் செய்ய மறுத்துவிட்டது. இவரிடம் வந்து கேட்டார்கள், இவர் நடத்திக்கொடுத்தார். பின்னாளில் அந்த நகரத்தின் கறுப்பினச் சபைகளை எச்.ஐ.வி. பணிக்குள் கொண்டுவந்த முன்னோடிகளில் அவர் ஒருவர்.

அதற்கும் முன்னால் நியூயார்க்கில் கறுப்பின மக்கள் நிறைந்த ஹார்லெம் பகுதி. 1989. பெர்னெஸ்ஸா சீல் என்ற நோயெதிர்ப்பியல் அறிஞர் ஹார்லெம் மருத்துவமனையில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கான பணியில் இருந்தார். அவர் பிறந்தது தென் கரோலினா மாநிலத்தின் லிங்கன்வில். அங்கே ஒருவர் படுத்துவிட்டால் சபையார் சாப்பாட்டோடும் ஜெபத்தோடும் வந்து நிற்பார்கள். ஹார்லெமில் திரும்பிய பக்கமெல்லாம் தேவாலயம், ஆனால் எய்ட்ஸ் வார்டுக்கு ஜெபம் செய்ய வருகிற ஆள் இல்லை. அவர் ஒவ்வொரு போதகராகப் போய்க் கதவைத் தட்டினார். அந்த ஆண்டு, சுமார் 50 வழிபாட்டு இடங்களைச் சேர்ந்தவர்கள், கிறிஸ்தவர்களோடு இசுலாமியரும் உட்பட, மருத்துவமனையைச் சுற்றி நடந்து ஜெபித்தார்கள். அதுதான் ஹார்லெம் ஜெப வாரம். பிறகு நாடு முழுவதும் பரவி, ஆண்டுதோறும் மார்ச் முதல் ஞாயிறன்று தொடங்கும் வாரமாக நிலைத்தது. அவர் நிறுவிய அமைப்பு ‘பாம் இன் கிலியட்’, எரேமியா தீர்க்கதரிசி கேட்கும் கீலேயாத்தின் தைலம்.

சீல் அம்மையாரின் கூர்மை எங்கே இருக்கிறது என்றால், எடுத்த எடுப்பிலேயே ஆணுறையைப் பற்றிப் பேசுங்கள் என்று போதகர்களை அவர் நெருக்கவில்லை. ஜெபியுங்கள் என்றார். ஜெபம் வேண்டாம் என்று எந்தப் போதகர் சொல்வார்? ஆனால் எய்ட்ஸ் நோயாளிகளுக்காகச் சத்தமாக ஜெபிக்க வேண்டுமானால் ‘எய்ட்ஸ்’ என்ற பெயரை மேடையில் உச்சரித்தாக வேண்டும். பூட்டு அங்கே திறந்தது. ஒருவருடைய மகன், இன்னொருத்தியின் தங்கை என்று கூட்டத்துக்குள்ளிருந்தே ஆட்கள் பேசத் தொடங்கினார்கள்.

பரிசோதனை இதற்குப் பிறகு வருகிறது. இதில் தொழில்நுட்பத்துக்கும் பங்கு உண்டு. முன்பு நரம்பில் இரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவுக்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். முடிவு கேட்கத் திரும்பி வராதவர்கள் ஏராளம். 2002-இல் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து இருபது நிமிடத்தில் பார்க்கும் விரைவுப் பரிசோதனைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2004-இல் ஈறிலிருந்து பஞ்சுக் குச்சியால் எடுக்கும் நீரே போதும் என்றானது. ஆய்வகம் தேவைப்படாமல் போனதும், ஆராதனை முடிந்து சாப்பாடு பரிமாறும் கூடத்தில் மேசை போட்டுப் பரிசோதிக்க வழி பிறந்தது.

மேசை போட்டால் மட்டும் கூட்டம் வந்துவிடாது. யார் முதலில் உட்காருகிறார் என்பதைச் சபை பார்க்கும். பல ஊர்களில் போதகரே, ஞாயிறு ஆராதனையின் நடுவில், எல்லோர் கண்முன்னும் பரிசோதனை செய்துகொண்டார். பக்கத்தில் அவருடைய மனைவி, பிறகு மூப்பர்கள். போதகர் விரல் நீட்டிய பிறகு அந்த வரிசையில் நிற்பவரைப் பார்த்து, “இவர் என்ன தப்புச் செய்தாரோ” என்று எவரும் முணுமுணுக்க முடியாது. ஆயிரம் துண்டுப் பிரசுரங்கள் இதற்கு ஈடாகாது என்பது என் திடமான எண்ணம்.

கேன்சஸ் சிட்டியில் ஜேனட் பெர்க்லி-பேட்டன் என்ற உளவியல் பேராசிரியர் சபையாரோடு சேர்ந்து இதையே ஒரு முறையாக வகுத்தார். போதகருக்குப் பிரசங்கக் குறிப்பு, போதகரும் சபையும் மாறி மாறிச் சொல்லும் வாசகங்கள், ஞாயிறு அறிக்கைத் தாளில் செருக ஒரு பக்கம், எச்.ஐ.வி.யோடு வாழ்பவர் எழுந்து சொல்லும் சாட்சி. கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி. எல்லாம் சபையில் ஏற்கனவே நடக்கிறவைதான், புதிதாக ஒரு கூட்டத்துக்கும் யாரும் வர வேண்டியதில்லை. இப்படிச் செய்த சபைகளையும் மற்றச் சபைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இப்படிச் செய்த சபைகளில் பரிசோதனைக்கு முன்வந்தவர்கள் தெளிவாகவே அதிகம்.

கறுப்பின மக்களின் பழம்பெரும் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி., இதைச் சமூக நீதிப் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டு 2012 வாக்கில் போதகர்களுக்கென்று கையேடு கொண்டுவந்தது. அது சரியான பெயர். வாக்குரிமைக்காகத் தெருவில் இறங்கிய சபைகளுக்கு நீதி என்று சொன்னால் புரியும்.

இனி கசப்பானதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் ஓரின உறவைச் சபித்துப் பிரசங்கம். மதியம் அதே கட்டடத்தில் பரிசோதனை மேசை. யாருக்காக அந்த மேசையோ, அவர் காலையிலேயே எழுந்து போயிருப்பார். அமெரிக்காவில் எச்.ஐ.வி. மிக அதிகமாகத் தாக்குவது ஆண்களோடு உறவு கொள்ளும் கறுப்பின ஆண்களை. சபையின் பெஞ்சில் அவர்களுக்கு இடமில்லை என்றால், வரிசையில் நிற்பவர்கள் ஆபத்து குறைந்தவர்களாகவே இருப்பார்கள், எண்ணிக்கை மட்டும் அழகாக இருக்கும். லாஸ் ஏஞ்சலிஸில் கார்ல் பீன் இதை முதலிலேயே கண்டவர். துரத்தப்பட்டவர்களுக்காகவே யூனிட்டி ஃபெலோஷிப் சபையை நடத்திய அவர், 1985-இலேயே ‘மைனாரிட்டி எய்ட்ஸ் புராஜெக்ட்’ அமைப்பைத் தொடங்கிவிட்டார். சான் பிரான்சிஸ்கோவில் யெவெட் ஃபிளண்டர் 1991-இல் ‘சிட்டி ஆஃப் ரெஃப்யூஜ்’ சபையைத் தொடங்கினார். அடைக்கலப் பட்டணம் என்ற பெயருக்கு ஏற்பவே அது நடந்தது. பெரிய சபைகள் இவர்களை நெடுங்காலம் ஒதுக்கியே வைத்திருந்தன. அந்த ஒதுக்கலால் போன உயிர்களுக்குத் திருச்சபை பொறுப்பேற்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

கடைசியாக ஒன்று. முடிவு ‘பாசிட்டிவ்’ என்று வந்தால்? விரைவுப் பரிசோதனை முதல் அறிகுறிதான். இன்னொரு பரிசோதனையால் அதை உறுதிசெய்ய வேண்டும். உறுதியானால் உடனே மருந்து. 1996 முதல் கூட்டு மருந்துகள் வந்து, இது சாவோலை என்ற நிலை மாறிவிட்டது. தவறாமல் மருந்து சாப்பிட்டுக் கிருமி இரத்தத்தில் அளவிட முடியாத நிலைக்குப் போய், அப்படியே நீடித்தால், உடலுறவின் வழியாக அது துணைக்குப் பரவாது. தொற்று இல்லாதவர்களுக்கு, வராமல் தடுக்கும் ‘பிரெப்’ மாத்திரை 2012 முதல் இருக்கிறது. ஆனால் தேவை மிகுந்த கறுப்பின மக்களுக்குத்தான் அது குறைவாகப் போய்ச் சேர்கிறது. எனவே சபையில் மேசை போடுகிறவர்கள் மருத்துவமனையில் யாரிடம் அனுப்புவது, எந்த நாள், யார் கூடப் போவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். ஒருவர் அறையில் அதிக நேரம் இருந்தார் என்பதை வைத்தே ஊர் கணக்குப் போட்டுவிடும். ஆகவே எல்லோரையும் ஒரே அளவு நேரம் உட்கார வைக்க வேண்டும். டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லில் போதகர் எட்வின் சாண்டர்ஸின் சபை 1992-இல் தன் சொந்தப் பொறுப்பில் ‘ஃபர்ஸ்ட் ரெஸ்பான்ஸ் சென்டர்’ என்ற மையத்தைத் தொடங்கியது. அங்கே எச்.ஐ.வி.யோடு வருகிறவருக்குச் சபையே ஆளும் இடமும் கொடுத்தது. சாண்டர்ஸ் பிறகு குடியரசுத் தலைவரின் எச்.ஐ.வி. ஆலோசனைக் குழுவிலும் இருந்தார். அந்தக் குழுவின் மேசையில் உட்காரும் தகுதியை அவருக்கு நாஷ்வில்லின் அந்த மையம்தான் கொடுத்தது.

நன்றி.