பன்னிரண்டு பேரும் ஒரு அண்டாவும்

நடுவர் அய்யா அவர்களே, எதிரணி நண்பர்களே, கொசுக்கடியையும் பொருட்படுத்தாமல் கடைசி நாற்காலி வரை நிறைந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

'நிலவையும் கோள்களையும் நமக்கு அதிகம் அறியத் தந்தவை ஆள் ஏறிப்போன பயணங்களா, ஆளில்லா விண்கலங்களா?' இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் அண்ணன் எழுந்தார். 1969 ஜூலையில் நீல் ஆம்ஸ்ட்ராங் ஏணியில் இறங்கியதை வர்ணித்தார். ஒன்பது படி ஏணி அது. அண்ணன் பத்து நிமிடம் இறங்கினார். நானே கைதட்டினேன், அவர் பேச்சு அப்படி. உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: இவ்வளவு நேரம் ஆம்ஸ்ட்ராங்கைப் பற்றித் தெரிந்துகொண்டோம், நிலவைப் பற்றி என்ன தெரிந்துகொண்டோம்?

கல்யாண வீட்டில் வீடியோக்காரர் மாப்பிள்ளையை விட்டு நகரமாட்டார். பந்தக்கால் நட்டவர், விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டியவர், மண்டபத்துத் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று மாடியேறி எட்டிப் பார்த்தவர், இவர்கள் யாரும் ஆல்பத்தில் இருக்கமாட்டார்கள். ஆம்ஸ்ட்ராங் போன அப்போலோ 11தான் மாப்பிள்ளை. நான் தொட்டியை எட்டிப் பார்த்தவர்களுக்காக, அதாவது ஆளில்லா விண்கலங்களுக்காகப் பேச வந்திருக்கிறேன்.

1960களில் விஞ்ஞானிகளுக்கே ஒரு பயம் இருந்தது. நிலவின் தரை, தரைதானா? அங்கே தூசு ஆழமாக மண்டிக் கிடக்கலாம், இறங்கும் கலம் அப்படியே அமிழ்ந்துபோகலாம் என்று தாமஸ் கோல்டு என்ற வானியலாளர் எச்சரித்திருந்தார். இதைச் சோதித்துப் பார்க்க யாரை அனுப்புவது, மாப்பிள்ளையையா? 1966 பிப்ரவரி 3ஆம் தேதி சோவியத்தின் லூனா 9 போய் இறங்கியது. அமிழவில்லை. இறங்கிய இடத்திலிருந்து படமும் அனுப்பியது. அந்த சிக்னலை இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் ஆய்வகமும் பிடித்தது. கேட்டவர்களுக்கு, இது பத்திரிகை ஆபீஸில் போட்டோ அனுப்புகிற மெஷினின் சத்தம் மாதிரி இருக்கிறதே என்று பட்டது. ஒரு பத்திரிகையிடமிருந்து அந்த மெஷினையே வரவழைத்து மாட்டினார்கள். நிலவின் தரை காகிதத்தில் வந்து விழுந்தது: கல், தூசு, ஆனால் கால் ஊன்றி நிற்கக்கூடிய தரை. சோவியத்து வெளியிடும் முன்பே இங்கிலாந்துப் பத்திரிகையில் படம் வந்துவிட்டது. வீட்டுக்காரர் திறப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் கடிதத்தைப் படித்த கதைதான்.

அதே ஆண்டு ஜூனில் அமெரிக்காவின் சர்வேயர் 1 இறங்கியது. 1966, 67இல் ஐந்து லூனார் ஆர்பிட்டர்கள் சுற்றிச் சுற்றி நிலவின் 99 சதவீதப் பரப்பைப் படமெடுத்தன. அப்போலோ எங்கே இறங்கலாம் என்று விரல் வைத்துப் பார்த்தது அந்தப் படங்களின் மேல்தான்.

இங்கே அண்ணன் ஒரு கொக்கி போட்டார். 'கடைசி நேரத்தில் கம்ப்யூட்டர் பாறைக் குவியலில் கொண்டுபோய் இறக்கப் பார்த்தது. ஆம்ஸ்ட்ராங் தன் கையில் எடுத்துத் தள்ளிப்போய் இறக்கினார். இயந்திரத்தை நம்பியிருந்தால்?' உண்மை, 1969இல் அதுதான் நிலைமை. அண்ணன் வீட்டில் காலண்டர் அதோடு நின்றுவிட்டது போலிருக்கிறது. 2023 ஆகஸ்ட் 23, மாலை 6 மணி 4 நிமிடம். உங்கள் வீட்டு டிவியிலும் ஓடியதே! சந்திரயான் 3இன் விக்ரம் இறங்கியபோது பெங்களூரில் யாரும் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. சுமார் 150 மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் நின்று, கேமராவால் கீழே மேடுபள்ளம் பார்த்து, இடம் தேர்ந்து தானாக இறங்கியது. திட்ட இயக்குநர், நம் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல். அந்த நிமிடங்களில் அவருக்கும் திரையைப் பார்த்தபடி காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

'2019இல் விழுந்து நொறுங்கியதே' என்று எதிரணித் தங்கை முணுமுணுப்பது மைக்கில் கேட்கிறது. ஆமாம், சந்திரயான் 2இன் விக்ரம் நொறுங்கியது. அதனால்தான் அடுத்த முறை இறங்குமிடத்தை அரை கிலோமீட்டர் சதுரத்திலிருந்து 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. என்று அகலமாக்கினார்கள். இறங்கிப் பழக நிலவு மண் வேண்டுமே, அதற்கு எங்கே போவது? நாமக்கல் மாவட்டத்துக்கு. சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்து அனார்தசைட் பாறையை அரைத்து டன் கணக்கில் பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். நிலவின் மேட்டு நிலத்துப் பாறையும் அதே இனம். நாமக்கல் என்றால் முட்டை, லாரி என்று இருந்தோம். மூன்றாவதாக நிலா சேர்ந்துவிட்டது.

கல்லுக்கு வருகிறேன். தங்கை மேடையில் தராசையே தூக்கிவைத்தார். ஒரு தட்டில் அப்போலோ வீரர்கள் கொண்டுவந்த 382 கிலோ. இன்னொரு தட்டில் லூனா 16, 20, 24 மூன்றும் சேர்ந்து கொண்டுவந்த சுமார் 300 கிராம். 'மிக்சர் பொட்டலம்' என்று கேலி வேறு. சபை சிரித்தது, நானும் சிரித்தேன். அப்போலோ கற்கள் பொக்கிஷம்தான். இதை மறுத்தால் நடுவர் என்னைப் பாதியிலேயே இறக்கிவிடுவார். ஆனால் அந்த 382 கிலோவும் எங்கே பொறுக்கியது? ஆறே இடம். ஆறும் நம் கண்ணுக்குத் தெரிகிற பக்கம். துருவத்தின் அருகில் ஒன்றுகூட இல்லை. அந்தக் கற்களை வைத்துக்கொண்டுதான் நிலவு சுக்காகக் காய்ந்த இடம் என்று பல காலம் சொல்லிவந்தார்கள். கல்லில் கொஞ்சம் ஈரச் சுவடு தென்பட்டபோதுகூட, இது பூமிக்கு வந்த பிறகு ஒட்டியிருக்கும் என்று ஒதுக்கினார்கள். கை பட்ட சாமானாயிற்றே, சந்தேகம் வரத்தானே செய்யும்?

2008 அக்டோபரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான் 1 கிளம்பியது. திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை. அதில் ஏறிப்போன நாசாவின் கருவி ஒன்று, நிலவின் தரையிலிருந்து திரும்பும் சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்தது. நீரும், நீருக்கு நெருங்கிய உறவான ஹைட்ராக்சிலும் விழுங்கிய ஒளி எது என்று அதில் தெரிந்துவிட்டது. துருவப் பக்கம் போகப்போக அந்த அடையாளம் கூடியது. 2009 செப்டம்பரில் அறிவித்தார்கள். ஒரு கல்லைக்கூடத் தொடாமல் நிலவில் ஈரம் பார்த்த கலம் அது.

மறுபக்கம்? நிலாச்சோறு ஊட்டிய எத்தனையோ தலைமுறைத் தாய்மார்கள் விரல் நீட்டிக் காட்டியது ஒரே பக்கத்தைத்தான். 1959 அக்டோபரில் லூனா 3 பின்னால் போய்ப் படமெடுத்து, ஃபிலிமைக் கலத்துக்குள்ளேயே கழுவி, காயவைத்து, ரேடியோவில் அனுப்பும் வரை அந்தப் பக்கத்தை யாரும் பார்த்ததில்லை. அங்கிருந்து மண் எடுத்து வந்ததும் ஆளில்லாத கலம்தான்: 2024 ஜூனில் சீனாவின் சாங்கே 6, 1,935 கிராம். தராசில் அதையும் வையுங்கள் தங்கச்சி.

அப்போலோ 17இல் போன ஹாரிசன் ஷ்மிட் ஆரஞ்சு நிற மண்ணைக் கண்ணாலேயே கண்டுபிடித்ததைச் சொன்னீர்கள். சரி, பழகிய கண்ணுக்கு ஈடு கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிலவில் நடந்த 12 பேரில் நிலவியல் படித்தவர் அவர் ஒருவர்தான். 12 பேரும் கலத்தை விட்டு வெளியே வந்திருந்த நேரம் மொத்தமே சுமார் 80 மணி. 1972 டிசம்பரோடு அதுவும் முடிந்தது. 90 நாள் ஓடினால் போதும் என்று 2004 ஜனவரியில் செவ்வாயில் இறக்கிவிட்ட ஆப்பர்ச்சூனிட்டி வண்டி 2018 ஜூன் வரை உழைத்தது. ஓடிய தூரம் 45 கிலோமீட்டர். பென்ஷன் வாங்குகிற வயதில் மாரத்தான் ஓடி முடித்திருக்கிறது.

அப்புறம் அந்த மூடிக் கதை. 1982 மார்ச்சில் வெள்ளியில் இறங்கிய சோவியத்தின் வெனேரா 14 தன் கேமரா மூடியைக் கழற்றி எறிந்தது. மண் எவ்வளவு கெட்டி என்று பார்க்க ஒரு சிறு கை இறங்கித் தரையைக் குத்த வேண்டும். மூடி சரியாக அந்தக் கைக்கு அடியில் போய் விழுந்தது. கோடிக்கணக்கான கிலோமீட்டர் போய், தான் கொண்டுபோன மூடியையே அளந்து சொன்னது. 'ஒரு மனுஷன் இருந்திருந்தால் காலால் தள்ளிவிட்டிருப்பானே' என்றார் தங்கை. தாராளமாகத் தள்ளலாம். எந்தக் காலால் என்பதுதான் கேள்வி. வெள்ளியின் தரையில் 460 டிகிரி சூடு. நம் வடைச் சட்டி எண்ணெய் 200 டிகிரியைத் தொடாது. ஈயம் 327இல் உருகிவிடும். காற்றழுத்தமோ நம்மைவிட 90 மடங்கு, கடலில் 900 மீட்டர் ஆழத்தில் நிற்பது மாதிரி. 1970இல் அங்கே முதலில் இறங்கிய வெனேரா 7, பாராசூட் கோளாறோடு விழுந்து, 23 நிமிடம் மெல்லிய சிக்னல் அனுப்பியது. 32 நிமிடம் தாங்கினால் போதும் என்று செய்த வெனேரா 13, 127 நிமிடம் தாங்கியது. தட்டைத் தட்டையான பாறை, மங்கிய ஆரஞ்சு வெளிச்சம், ஓரத்தில் கழன்று கிடக்கும் மூடி. வெள்ளியின் தரையில் நின்று எடுத்த படம் இன்றைக்கும் இந்த வெனேராக்கள் எடுத்தவைதான். வேறு யாரிடமும் இல்லை.

எதிரணியின் மூன்றாமவர் அழகாக ஒன்று சொன்னார்: 'இயந்திரம் அனுப்புவது எண்கள், மனிதன் கொண்டுவருவது உணர்வு.' 1965 ஜூலைக்கு வாருங்கள் தம்பி. மாரினர் 4 செவ்வாயைக் கடந்துபோனபடி படமெடுத்தது. அது பேசும் வேகம் நொடிக்கு 8 பிட் சொச்சம். ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வந்து சேர 8 மணி நேரம். கலிஃபோர்னியாவில் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகப் பொறியாளர்களுக்குப் பொறுக்கவில்லை. கம்ப்யூட்டர் படமாக்கித் தருகிறபோது தரட்டும் என்று, வந்த எண்களை நாடா நாடாவாகக் காகிதத்தில் அச்சடித்து, சுவரில் வரிசையாக அடித்தார்கள். கடையில் கலர் சாக் வாங்கிவந்து, இந்த எண்ணுக்கு மஞ்சள், அந்த எண்ணுக்குப் பழுப்பு என்று கையாலேயே தீட்டினார்கள். மார்கழியில் வாசல் கோலத்துக்குக் கலர் போடுகிற அதே வேலை. தீட்டத் தீட்டச் செவ்வாயின் விளிம்பு சுவரில் எழுந்தது. உணர்வு இல்லை என்று அந்தச் சுவருக்கு முன்னால் நின்று சொல்லுங்கள்.

யுரேனஸ், நெப்டியூன் இரண்டுக்கும் இதுவரை போனது வாயேஜர் 2 ஒன்றுதான், 1986இலும் 1989இலும். சனியின் துணைக்கோள் டைட்டனில் 2005 பொங்கல் சமயத்தில் ஹைகன்ஸ் இறங்கியது. 2015இல் புளூட்டோ. இதில் எதற்காவது ஆள் போனதா? தலைப்பில் 'நிலவும் கோள்களும்' என்று இருக்கிறது. பாதித் தலைப்பை எதிரணி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறது.

'ஆறு முறை தோற்ற ரேஞ்சரை மறந்துவிட்டீர்களா' என்றும் கேட்டார்கள். மறக்கவில்லை. அமெரிக்கா நிலவுக்கு என்று செய்த ரேஞ்சர் கலங்களில் முதல் ஆறும் கவிழ்ந்தன. ஆறாவது சரியாகப் போய் நிலவில் மோதியது, ஆனால் கேமரா வேலை செய்யவில்லை. ஏழாவது 1964 ஜூலை 31இல் மோதுவதற்குள் 4,308 படம் அனுப்பியது. ஆறு தோற்றாலும் ஏழாவதை ஏவலாம். 1967 ஜனவரி 27, அப்போலோ 1. பறக்கக்கூட இல்லை, தரையில் ஒத்திகை. உள்ளே தீப்பிடித்தது. கிரிஸ்ஸம், வைட், சாஃபி. இதற்கு மேல் இதைப் பட்டிமன்றத்தில் பேச எனக்கு மனமில்லை.

மணி அடிக்கிறீர்கள் அய்யா. ஒரே நிமிடம், அண்டாக் கதையைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

1970 நவம்பரில் சோவியத்து நிலவில் ஒரு வண்டியை இறக்கியது. லூனோகோட் 1. எட்டுச் சக்கரம் வைத்த அண்டா என்று வைத்துக்கொள்ளுங்கள், மேலே மூடி. பகலில் மூடியைத் திறக்கும், உள்பக்கம் சூரியத் தகடு. இரவு வந்தால் மூடிக்கொள்ளும், உள்ளே பொலோனியம் என்ற கதிரியக்கப் பொருள் கதகதப்பாக வைத்திருக்கும். அங்கே ஓர் இரவு என்பது நமக்குப் பதினான்கு நாள். கிரிமியாவில் ஐந்து பேர் உட்கார்ந்து, சில நொடிக்கு ஒன்றாக வரும் படத்தைப் பார்த்துப் பார்த்து, அதைப் பத்து மாதத்தில் பத்தரை கிலோமீட்டர் ஓட்டினார்கள். 1971 செப்டம்பரில் பேச்சு நின்றது. அப்புறம் அது எங்கே நிற்கிறது என்பதே சரியாகத் தெரியாமல் போயிற்று. அதன் மேல் பிரான்ஸ் செய்து கொடுத்த ஒரு பிரதிபலிப்பான் மட்டும் இருந்தது.

2010 மார்ச்சில் ஓர் அமெரிக்க ஆர்பிட்டர் எடுத்த படத்தில் அந்த அண்டா சின்னப் புள்ளியாகத் தெரிந்தது. ஏப்ரல் 22ஆம் தேதி நியூ மெக்சிகோவிலிருந்து அதை நோக்கி லேசர் அடித்தார்கள். போக ஒன்றேகால் நொடி, வர ஒன்றேகால் நொடி. வெளிச்சம் திரும்பி வந்தது, எதிர்பார்த்ததைவிடப் பளிச்சென்று.

இரண்டாவது மணி. நன்றி, வணக்கம்.