மழையால், மழை பெய்ததால்

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கில இலக்கணம் என்றதும் வானொலியை அணைத்துவிட வேண்டாம். எழுவாயும் வினையும் கொண்ட முழுத் தொடர்களை ஆங்கிலத்தில் இணைக்கும் சொற்களைப் பற்றி மட்டுமே இன்று பேசப்போகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நாள்தோறும் கடந்து சேலத்துக்குப் படிக்க வந்த மாணவன் ஒருவன், தாமதத்துக்கு விளக்கம் எழுதித் தந்தான்: 'பிகாஸ் ஆஃப் த பஸ் டிட் நாட் கம், ஐ ஆம் லேட்.' நான் 'ஆஃப்' என்பதைச் சிவப்பு மையால் அடித்தேன். அவன் விடவில்லை. "ஐயா, 'பிகாஸ் ஆஃப் த ரெயின்' என்று நேற்று நீங்களே கரும்பலகையில் எழுதினீர்களே?" என்றான். விதியைச் சொன்னேன், அவன் முகம் தெளியவில்லை. உண்மையில் என் மனமும் தெளியவில்லை.

விடை தமிழிலேயே இருந்தது. 'மழையால்' என்கிறோம், 'மழை பெய்ததால்' என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே 'ஆல்' போதுமானதாக இருக்கிறது, ஏனெனில் 'பெய்தது' என்பதைத் தமிழ் பெயராக்கிக்கொண்டு அதன்மேல் வேற்றுமை உருபை ஏற்றிவிடுகிறது. ஆங்கிலம் இரண்டையும் பிரித்தே வைக்கிறது: வெறும் பெயர் வந்தால் 'பிகாஸ் ஆஃப்', எழுவாயும் காலம் காட்டும் வினையும் வந்தால் 'பிகாஸ்' மட்டும். மறுபடியும் சொல்கிறேன், மழையால் என்றால் 'ஆஃப்' உண்டு. மழை பெய்ததால் என்றால் 'ஆஃப்' இல்லை. மறுநாள் இதைச் சொன்னதும், "அப்படியென்றால் பேருந்து வராததால் என்பதற்கு 'ஆஃப்' வேண்டாம்" என்று அவனே திருத்திக்கொண்டான்.

அடுத்து, 'மழை பெய்தாலும் போனோம்' என்பதற்கு 'ஆல்தோ இட் ரெயின்ட், பட் வீ வென்ட்' என்று நம்மில் பலர் எழுதும் தவறான வாக்கியம். 'பெய்தாலும்' என்பதில் இணைக்கும் உறுப்பு தொடரின் கடைசியில், இரு தொடர்களும் சந்திக்கும் இடத்திலேயே நிற்கிறது; ஆங்கிலமோ 'ஆல்தோ'வை முதலிலேயே வைத்துவிடுகிறது. சந்திப்பு காலியாக இருப்பதாகத் தோன்றுவதால் அங்கே ஒரு 'பட்' செருகுகிறோம் என்பது என் கணிப்பு. நம் ஊர்த் தட்டுவடை செட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: தட்டுவடை இரண்டு, நடுவே காய்த்துருவல் ஒரு முறைதான். இணைப்புச் சொல் முன்னாலும் வரலாம் என்பதால் உவமை முழுவதும் பொருந்தாது, கணக்கு பொருந்தும். இரண்டு தொடருக்கு இணைப்பு ஒன்று.

'டிஸ்பைட்' பெயரைக் கேட்கும், 'ஆல்தோ' முழுத் தொடரைக் கேட்கும். அவ்வாறே 'டியூரிங்' பெயரையும் 'வைல்' முழுத் தொடரையும் கேட்கும். காற்புள்ளியைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். 'பிகாஸ்' தொடர் முன்னே வந்தால் அதன் முடிவில் காற்புள்ளி இடுங்கள். பின்னே வந்தால் பெரும்பாலும் தேவையில்லை. வணக்கம்.