வேகன் காரின் பின்னிருக்கையும் மலைநாட்டு வீதியின் இரைச்சலும்

நேயர்களுக்கு வணக்கம். குடும்பத்துக்கென்று, கூரை பின்கதவுவரை நீண்டிருக்கும் வேகன் கார் ஒன்று வாங்க நினைப்பவர்கள் கராஜுக்கு வந்து முதலில் கேட்பது, லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும், உதிரிப்பாகம் தட்டுப்பாடில்லாமல் கிடைக்குமா என்ற இரண்டு கேள்விகளைத்தான். உள்ளே இரைச்சல் எப்படி, இருக்கை எப்படி என்ற கேள்வி, வாகனத்தை வாங்கிக் குடும்பத்தோடு ஒரு தடவை கண்டிக்கோ பதுளைக்கோ போய்வந்த பிறகே எழுகிறது. அதையும் கேட்பவர் பெரும்பாலும் ஓட்டியவர் அல்லர். பின்னால் உட்கார்ந்து வந்த மனைவியோ, அப்பாயியோதான். அவர்கள் பக்கத்திலிருந்தே இன்று பேச விரும்புகிறேன்.

இரைச்சலைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டு மதிப்பீடுகள் பெரும்பாலும் மணிக்கு 100 கிலோமீற்றர் அல்லது அதற்கும் மேற்பட்ட வேகத்தில், நேரான நெடுஞ்சாலையில் அளந்தவை. அந்த வேகத்தில் காற்றின் சீறலும் டயரின் ஓசையும்தான் ஆட்சி செய்யும். நம் இலங்கையில், அதிவேக நெடுஞ்சாலைகளை விட்டால், நகர எல்லைக்கு வெளியே காருக்குச் சட்டம் அனுமதிக்கும் வேகமே மணிக்கு 70 கிலோமீற்றர். ரம்பொடை ஏற்றத்திலும் கினிகத்தேனை வளைவுகளிலும் முப்பது, நாற்பதைத் தாண்டுவதே அரிது. சமதரையில் சீராக ஓடும் காரில் ஏறத்தாழ 40 கிலோமீற்றருக்கு மேல் டயரின் ஓசை இயந்திரத்தின் ஓசையை முந்திவிடும் என்பார்கள். நாம் சமதரையிலும் ஓடுவதில்லை, சீராகவும் ஓடுவதில்லை. ஏறும்போது இரண்டாம் கியரில் இயந்திரம் முழங்குகிறது. இறங்கும்போது அது அடங்கிவிட, அதுவரை அமுங்கிக் கிடந்த டயரின் உறுமலும் பாகங்களின் கடகடப்பும் மேலெழுந்து வருகின்றன. ஆகவே வெளிநாட்டு அட்டவணையில் அமைதியானது என்று பெயரெடுத்த வாகனம் நுவரெலியாவுக்கு ஏறும்போது அமைதியாக இருக்குமென்று எண்ண வேண்டாம். டொயோட்டாவின் வேகனான கொரோலா ஃபீல்டரில், பெற்றோல் இயந்திரமும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் ஹைபிரிட் வகை 2013இல் வந்தது. நகரத்தில் ஓசையின்றி நழுவும் அதே வாகனம் நீண்ட ஏற்றத்தில் பற்றரியின் மின்சாரம் குறைந்ததும் இயந்திரத்தை உயர்ந்த சுழற்சியில் நிறுத்திவைத்துக் கத்தும். அது பழுதன்று, அதன் இயக்கமுறை அப்படி. அதைத் திருத்தித் தரும்படி வாகனத்தைக் கொண்டுவந்து விடுகிறவர்களிடம் விளக்கிச் சொல்வதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடும்.

இனி, வேகனுக்கே உரிய இரைச்சலுக்கு வருவோம். சாதாரணக் காரில் பின்னிருக்கைக்குப் பின்னால் தகடும் தட்டும் குறுக்கே நின்று டிக்கியைத் தனியறையாக்கிவிடுகின்றன. வேகனில் அந்தத் தடுப்பு இல்லை. பின்சக்கரங்களின் மேல்வளைவுகள் நாம் உட்கார்ந்திருக்கும் அதே அறைக்குள் துருத்திக்கொண்டிருப்பதால், சக்கரம் வாரியடிக்கும் கல்லும் நீரும் எழுப்பும் ஓசை நேராகப் பின்னிருக்கைக்காரரின் காதுக்கு வருகிறது. நீண்ட கூரைத் தகடும் அகன்ற பின்கதவும், போதிய அடக்கம் இல்லாவிட்டால், தவிலின் தோலைப் போல அதிர்கின்றன; மழைக்காலத்தில் தலவாக்கலைப் பக்கம் ஓட்டியவர்களுக்குக் கூரையில் விழும் மழையின் சத்தத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கைபேசிச் செயலியில் டெசிபல் அளந்து பார்த்து, ‘குறைவாகத்தானே காட்டுகிறது’ என்று சிலர் வாதிடுவார்கள். அந்த அளவுகள் வழக்கமாக ஏ-எடையிட்ட டெசிபல்கள். மனிதக் காதின் போக்கைப் பின்பற்றி, 100 ஹேர்ட்ஸ், அதாவது விநாடிக்கு நூறு தடவை அதிரும் தாழ்ந்த ஓசையில் ஏறத்தாழ 19 டெசிபலை அந்தக் கணக்கு கழித்துவிடும். வேகனின் பின்புறத்தில் தேங்கும் ‘ஹூம்’ என்ற தாழ்ந்த முழக்கம் அந்தக் கழிவுக்குள் மறைந்துபோகிறது. எண்ணில் தெரியாத அந்த முழக்கந்தான் கண்டி போய்ச் சேர்வதற்குள் தலையைக் கனக்க வைக்கிறது.

வீதியின் மேற்பரப்புக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. காபட் இட்ட வீதியில் அமைதியாக வந்த கார், தோட்டத்துக் கொங்கிரீட் பாதையில் ஏறியதும் குரலை மாற்றிக்கொள்ளும். கல் பெயர்ந்த பாதையில் மீண்டும் வேறொரு குரல். வீதியை நாம் மாற்ற முடியாது, டயரை மாற்றலாம். டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும்; முதல் இரண்டும் வாரத்தையும் அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். 1419 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் பதினான்காம் வாரத்தில் செய்த டயர். பூ, அதாவது மேற்பரப்பின் வரிப்பள்ளம், நிறைய இருக்கிறது என்பதற்காகப் பழைய டயரைப் பெருமையாகக் காட்டுவார்கள். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் இறுகும், இறுகிய ரப்பர் ஓசையை அதிகமாக்கும், ஈரவீதியில் பிடிப்பையும் குறைக்கும். அடுத்து, டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையைக் குறுக்காக, உள்ளிருந்து வெளியாகவும் வெளியிருந்து உள்ளாகவும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் அரத்தைத் தொட்டதுபோல் பிசிறாகவும் இருந்தால் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், தவறியிருக்கிறது. அப்படித் தேய்ந்த டயர் விடாமல் உறுமும். அலைன்மென்டைச் சரிசெய்த பிறகும் அந்தத் தேய்வு இருக்கும்வரை சத்தம் போகாது.

அதே உறுமலை, சக்கரம் தடையின்றிச் சுழலத் தாங்கி நிற்கும் வீல் பெயாரிங்கும் எழுப்பும் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொண்டு வீண்செலவு செய்கிறவர்கள் உண்டு. இங்கே மலைப்பாதை நமக்கு உதவுகிறது. கார் இடப்புறம் வளையும்போது பாரம் வலப்பக்கச் சக்கரங்களில் இறங்கும்; இடவளைவில் ஓசை கூடி வலவளைவில் தணிந்தால் பெரும்பாலும் வலப்பக்கப் பெயாரிங்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். வளைவைப் பொருட்படுத்தாமல் ஒரே அளவில் உறுமினால் டயரைப் பாருங்கள். கடகட சத்தத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. பின்தளத்தைத் தூக்கி, ஜக், ஸ்பானர், மேலதிகச் சக்கரம் ஆகியவை இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்தாலே பாதி தீர்ந்துவிடும். பின்கதவின் ரப்பர் பட்டியில் ஒரு கடதாசித் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்துவிட்டால் அந்த ரப்பர் வேலை செய்யவில்லை. சத்தத்தோடு தூசியும் புகையும் அவ்வழியே உள்ளே வரும். அதிர்வைத் தணிக்கும் பட்டைகளைத் தகட்டில் ஒட்டுவது பயனுள்ளதுதான், ஆனால் தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை, அதிரும் நடுப்பகுதி போதும். தரை விரிப்புக்கு அடியில் பஞ்சையும் ஸ்பொஞ்சையும் திணிப்பதை மட்டும் நம் மழைக்கும் மூடுபனிக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். உறிஞ்சிய ஈரம் அங்கேயே தங்கித் தளத்தை அரித்துவிடும்.

இருக்கை விடயத்தில் பரவலான ஒரு நம்பிக்கை, மெத்தென்றிருந்தால் சுகம் என்பது. கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது உண்மை. செங்குத்தாக வரும் அதிர்வில் ஏறத்தாழ 4 முதல் 8 ஹேர்ட்ஸ் வரையுள்ளதை மனித உடல் அதிகமாக உணர்கிறது. சாதாரண ஸ்பொஞ்ச் இருக்கையோ ஆள் உட்கார்ந்த நிலையில் 4 ஹேர்ட்ஸ் அளவில் அதிர்வைத் தணிப்பதற்குப் பதிலாகப் பெருக்குகிறது. நாள்பட்டு நைந்த ஸ்பொஞ்சில் இருப்பெலும்பு அடிச்சட்டத்தைத் தொட்டுவிடும். அந்த நிலையில் ஒவ்வொரு குழியும் நேராக முதுகுத்தண்டில் ஏறும். நிசான் ஏ.டி., டொயோட்டா புரோபொக்ஸ் போன்றவற்றின் வான் வகைகளில் பின்னிருக்கை மெல்லியது, சாய்மானம் நிமிர்ந்தது, மடித்துப் பொருள் ஏற்றுவதற்காகவே அமைத்தது. அவற்றின் பின்சக்கர ஸ்பிரிங்குகளும் பாரத்துக்கென்றே விறைப்பானவை. மரக்கறி மூட்டைகளை ஏற்றினால் அடங்கி ஓடும், வெறுமையாக ஓடினால் குதிக்கும். அவற்றை நான் குறை சொல்லவில்லை, எந்த வேலைக்காகச் செய்தார்களோ அந்த வேலைக்கு மிகச் சிறந்த வாகனங்கள். முட்டுவலியுள்ள அப்பாயியை மாதந்தோறும் பேராதனை வைத்தியசாலைக்குக் கூட்டிச்செல்ல வேண்டியவருக்கு அவை பொருந்தா, அவ்வளவுதான். பாரம் ஏற்றுவதற்காகக் கூட்டிய காற்றழுத்தத்தை, பாரம் இறங்கியதும் ஓட்டுநர் கதவுத் தூணிலுள்ள அட்டை சொல்லும் அளவுக்குக் குறைக்க மறப்பவர்கள் ஏராளம். இருக்கையைக் குறை சொல்வதற்கு முன் அதைப் பாருங்கள்.

மலைப்பாதையில் மேலும் கீழும் வரும் ஆட்டத்தைவிடப் பக்கவாட்டு ஆட்டமே அதிகம் வருத்துகிறது. தலைசுற்றலையும் வாந்தியையும் தூண்டுவது ஐந்து விநாடிக்கு ஒரு தடவை என்ற அளவிலான மெதுவான அசைவு. வளைவுகள் அடுத்தடுத்து வரும் இடங்களில் கார் அந்தத் தாளத்துக்கு மிக அருகில் ஆடுகிறது. இங்கே உயரமான ஜீப் வகைகளைவிடத் தாழ்ந்த வேகன் மேலானது என்பது என் முடிவான கருத்து, ஏனென்றால் பாரமையம் கீழே இருப்பதால் சாய்வு குறைவு. அந்த நன்மையை நாமே கெடுத்துக்கொள்வது லெதர் சீட் கவர் போடுவதால். துணி உறை உடலைப் பிடித்து நிறுத்தும். வழுக்கும் உறையில் பின்னால் இருப்பவர் ஒவ்வொரு வளைவிலும் சறுக்கி, கைப்பிடியைப் பற்றியபடி கால்களை ஊன்றிக்கொண்டே வரவேண்டும். வீடு வந்து சேரும்போது அவர் களைத்திருப்பது இதனால்தான். இருக்கையின் பக்கவாட்டில் காற்றுப்பை உள்ள வாகனமானால் உறை அது விரிவதையே தடுக்கக்கூடும்.

வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்கும்போது ஸ்டியரிங்கை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் பின்னிருக்கையின் இடது மூலையில், சக்கரத்துக்கு மிக அருகில் உட்காருங்கள். ரேடியோவை நிறுத்துங்கள், கண்ணாடிகளை ஏற்றுங்கள். ஓர் ஏற்றம், ஓர் இறக்கம், கொஞ்சம் உடைந்த பாதை, இந்த மூன்றும் இருக்குமாறு அரை மணி நேரமாவது ஓடட்டும். முழங்கால் இடுப்பைவிட மேலே நிற்கிறதா, தொடையின் பாதி ஆதாரமின்றித் தொங்குகிறதா என்று கவனியுங்கள். முன்னிருக்கையில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேசிப் பாருங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் அவரையும் அழைத்துச்சென்று, ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்துவிட்டு விலையைப் பேசுங்கள். வணக்கம்.