ரீபூட்டுக்கு முன்னால் விஐபியைக் கைமாற்றுவோம்

வணக்கம் நண்பர்களே. மணி இரவு 11. எங்கள் லோட் பேலன்சர் (வரும் கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது) ஜோடியில் முதல் விஎம்முக்கு (மெய்நிகர் கணினி) இன்று கெர்னல் அப்டேட். இரண்டு விஎம்களிலும் அந்தப் பிரிக்கும் வேலையைச் செய்யும் எச்ஏபிராக்ஸி, கூடவே ஒன்று விழுந்தால் மற்றதைப் பொறுப்பேற்க வைக்கும் கீப்அலைவ்ட். விஐபி, அதாவது பயனர்கள் வந்து சேரும் மெய்நிகர் ஐபி முகவரி, இப்போது முதலாவதில் இருக்கிறது. அதை இரண்டாவதுக்குத் தள்ளிவிட்டுத்தான் மற்ற வேலை.

"அதுதான் தானாகவே மாறுமே, நாம் எதற்கு மாற்ற வேண்டும்?" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள். மாஸ்டர், அதாவது விஐபியை வைத்திருக்கும் விஎம், நொடிக்கு ஒரு முறை 'நான் இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அது திடீரென்று செத்துப்போனால், பேக்கப், அதாவது காத்திருக்கும் மற்ற விஎம், 3 நொடி பொறுக்கும். அதோடு அதன் பிரையாரிட்டியை (யாருக்கு முன்னுரிமை என்று சொல்லும் எண்) பொறுத்துக் கொஞ்சம் சேரும். பிரையாரிட்டி 100 என்றால் அதை 256-இலிருந்து கழித்து வரும் 156-ஐ 256-ஆல் வகுங்கள், ஏறக்குறைய 0.6 நொடி. ஆக மொத்தம் 3.6. கீப்அலைவ்டை முறையாக நிறுத்தினால், அது பிரையாரிட்டி 0 என்று ஒரு கடைசிச் செய்தி அனுப்பிவிட்டுத்தான் போகும். பேக்கப் அந்த 0.6 நொடியிலேயே பொறுப்பை எடுத்துக்கொள்ளும்.

ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு. முன்பு ஒருமுறை விஐபி சுத்தமாக மாறியது, ஆனால் வந்தவர்கள் எல்லோருக்கும் பிரவுசரில் 'சான்றிதழ் காலாவதி'. புதுச் சான்றிதழை நான் முதல் விஎம்மில் மட்டும்தான் போட்டிருந்தேன். கீப்அலைவ்ட் ஐபியை மட்டும்தான் நகர்த்தும். கான்ஃபிக், சான்றிதழ் எதையும் அது கொண்டுபோகாது. அன்றிலிருந்து, கைமாற்றும் முன்பே பேக்கப்பின் சொந்த ஐபிக்கு கர்ல் (வலைக் கோரிக்கை அனுப்பும் கட்டளை) அடித்து, தளத்தின் பெயரைக் கொடுத்து, சான்றிதழின் தேதி வரை பார்த்துவிடுகிறேன். இதோ, இன்று சரியாக இருக்கிறது. இரண்டு விஎம்களும் ஒரே ஹோஸ்டில் (நிஜக் கணினியில்) உட்கார்ந்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். அப்படி இருந்தால் அது ஜோடியே இல்லை.

இன்னொன்று. ஓடிக்கொண்டிருக்கும் டிசிபி இணைப்புகள் அறுந்துதான் போகும். எச்ஏபிராக்ஸியில் பியர்ஸ் (இரண்டும் தகவல் பகிரும் வசதி) போட்டிருந்தாலும், எந்தப் பயனர் எந்தச் சர்வருக்கு என்பது போன்ற குறிப்புகள் இருக்கும் ஸ்டிக் டேபிள்தான் பகிரப்படும், இணைப்பு அல்ல. வெப்சாக்கெட் (நெடுநேரம் திறந்தே இருக்கும் இணைப்பு) வைத்திருக்கும் குழுவுக்கு மதியமே சொல்லிவிட்டேன்.

சரி, முதலாவதில் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் கீப்அலைவ்ட்'. அப்புறம் மறக்காமல் 'டிசேபிள்'. அதை விட்டால் ரீபூட் ஆனதும் கீப்அலைவ்ட் தானாக எழும். பிரையாரிட்டி அதிகம் என்பதால் விஐபியைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். எச்ஏபிராக்ஸி அப்போது தயாராக இல்லாமலும் இருக்கலாம். கீப்அலைவ்ட் கான்ஃபிக்கில் 'நோபிரீஎம்ப்ட்' போட்டால் இந்தப் பிடுங்கல் வராது. ஆனால் ஸ்டேட்டை (தொடக்க நிலையை) பேக்கப் என்று எழுதியிருந்தால்தான் அது வேலை செய்யும். எங்கள் கான்ஃபிக்கில் அதை இந்த வாரமே மாற்றப் போகிறேன்.

இரண்டாவதில், அதில் உள்ள ஐபி முகவரிகளைக் காட்டும் 'ஐபி ஏ' அடிக்கிறேன்... விஐபி வந்துவிட்டது. ஓடவிட்டிருந்த பிங்கில் ஒன்றே ஒன்றுதான் விழுந்திருக்கிறது. லாகில் புதுக் கோரிக்கைகள் இறங்குகின்றன, பாருங்கள். ஐந்து நிமிடம் இதைப் பார்த்துக்கொண்டிருப்போம், அதற்குப் பிறகு ரீபூட்.